‘அவர் உங்களை எப்படிக் கூப்பிடுவார்?’ – நான் கடைசியாக எழுதிய விற்பனைப் பக்கம்

இணையத்தில் விற்பனைப் பக்கம் எழுதுவது எப்படி என்று உங்களில் பாதிப் பேர் என்னைக் கேட்டுவிட்டீர்கள். மீதிப் பேர் கேட்காமலேயே எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அதையும் நான் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ‘வாங்குங்கள்’ என்கிற சிவப்பு பட்டனை எங்கே வைப்பது, எத்தனை தடவை வைப்பது, அடித்துப் போட்ட பழைய விலைக்குப் பக்கத்தில் புது விலையை எவ்வளவு பெரிதாகக் காட்டுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தி. நகர் ஜவுளிக்கடைகளுக்கு ஆடித் தள்ளுபடி நோட்டீஸ் எழுத ஆரம்பித்து, இணையத்தில் வகுப்பும் செயலியும் விற்கிறவர்களுக்குப் பக்கம் எழுதி முடித்து வீட்டில் உட்கார்ந்திருப்பவள் நான். பட்டன் விஷயத்தில் உங்களோடு போட்டிக்கு வரமாட்டேன்.

ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு சமையல் வீடியோ வகுப்புக்காக எங்கள் அலுவலகம் தயாரித்த பக்கத்தின் உச்சியில், சலுகை முடிய இன்னும் இவ்வளவு நேரம்தான் என்று ஒரு கடிகாரம் ஓடும். பக்கத்தை மூடித் திறந்தால் மறுபடி முதலிலிருந்து ஓடும். ஒரு நாள் அடையாறிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். “உங்க கடிகாரம் ரிப்பேர் ஆயிடுச்சும்மா. நானும் பாத்துட்டே இருக்கேன், முடிய வேண்டிய சலுகை முடியவே மாட்டேங்குது. உங்களுக்குத்தானே நஷ்டம், யாரையாவது விட்டுச் சரி பண்ணுங்க” என்றார். கிண்டல் துளிகூட இல்லை. எங்களுக்காக உண்மையாகவே கவலைப்பட்டார். நாம் எழுதுவதை இப்படி நம்பிப் படிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இனி, நான் கடைசியாக எழுதிய பக்கத்தின் கதை.

வேலையை விடுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு அடையாறில் ஒரு பேச்சுப் பயிற்சி நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். பக்கவாதம் வந்து பேச்சை இழந்தவர்களுக்கு மறுபடி பேசக் கற்றுத்தருகிற இடம். நடத்துகிறவர் நாற்பது வயதை ஒட்டிய ஒரு பெண்மணி. நோயாளிகள், அவர்கள் வீட்டார், வாசலில் காத்திருக்கும் ஆட்டோக்காரர்கள் என்று எல்லோருக்கும் அவர் டீச்சர். நானும் அப்படியே சொல்கிறேன். கம்ப்யூட்டர், நிர்வாகம் எல்லாம் அவருடைய தம்பி பொறுப்பு. நல்ல கம்பெனி வேலையை விட்டுவிட்டு அக்காவோடு வந்து சேர்ந்தவன்.

ஒரு பக்கம் முழுக்க விழுந்துபோன மனிதரை வாரத்துக்கு இரண்டு தரம் பஸ்ஸில் ஏற்றி, இறக்கி, மாடிப்படி ஏற்றிக் கூட்டிவருவது எந்தக் குடும்பத்தால் முடியும்? பாதிப் பேர் நடுவிலேயே நின்றுவிடுவார்கள். அதனால் டீச்சர் தன் பாடங்களைச் சின்னச் சின்ன வீடியோக்களாகப் பதிவு செய்து, வீட்டில் போனை வைத்துக்கொண்டே பழகுகிற மாதிரி ஒரு தொகுப்பு தயாரித்திருந்தார். எல்லாம் நம் வீடுகளில் புழங்குகிற தமிழில். சனிக்கிழமை மயிலாப்பூரில் ஒரு ஹாலில் இப்படிப்பட்ட குடும்பங்களைக் கூட்டி அறிமுகம் செய்ய ஏற்பாடாகியிருந்தது. அன்றைக்குப் பக்கம் திறக்க வேண்டும். அது எடுபடாவிட்டால் தம்பி பழையபடி கம்பெனி வேலைக்குப் போக வேண்டியதுதான். டீச்சரின் பாடங்களும் அந்த மாடி அறையை விட்டு வெளியே போகாது.

எழுதுவதற்கு முன் ஒரு காலை நேரம் அந்த அறையில் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்தேன். மயிலாப்பூர்க்காரர் ஒருவர், பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியோடு வந்திருந்தார். டீச்சர் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் காட்டி, “இது என்ன சார்?” என்றார். அவர் வாய் திறந்தது. “த... ப... த...” கழுத்து நரம்பு புடைத்ததே தவிர வார்த்தை வரவில்லை. கண் நிறைந்துவிட்டது. டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார். “ஒண்ணு... ரெண்டு...” என்று சொல்லி நிறுத்தினார். “மூணு, நாலு, அஞ்சு, ஆறு” என்று அந்த மனிதர் கடகடவென்று இருபது வரை போய்விட்டார். போய் நின்றபிறகு தன் உதட்டைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அவர் மனைவி என் பக்கம் திரும்பினார். “ஆத்துல ஒரு வாய் ஜலம்னு கேக்கத் தெரியலை. ஆனா கார்த்தால ஸ்வாமி முன்னாடி நின்னுண்டு ஸ்லோகம் முழுக்கச் சொல்றார். நேக்கு ஒண்ணுமே புரியலை, போங்கோ.”

எனக்கும்தான் புரியவில்லை. டீச்சர் பிறகு விளக்கினார். “யோசிச்சுச் சொல்ற வார்த்தை ஒரு கதவு வழியா வருது மேடம். பழகிப்போய் தானா வர்ற வார்த்தைக்கு வேற கதவு. முதல் கதவு சாத்திட்டா நாங்க ரெண்டாவது கதவைத் தட்டிப் பாப்போம்.” அன்றைக்கு வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் நான் வாய்க்குள்ளேயே ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு போனேன். கேட்ட உடனே ஒவ்வொன்றாக வந்து நிற்கிற அந்த எண்கள் எனக்குப் பெரிய அதிசயமாகத் தோன்றின. பக்கத்து சீட்டில் இருந்த பெண் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

தலைப்பு வரி எங்களுக்குச் சுலபமாகக் கிடைத்துவிட்டது. தொகுப்பின் முதல் பாடமே, வீட்டில் மிக நெருங்கியவரின் பெயரைச் சொல்லப் பழகுவது. பெயரைவிடப் பழகிய வார்த்தை வேறு என்ன இருக்க முடியும்? ஆகவே, ‘அவர் மறுபடியும் உங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்’ என்று எழுதினோம். தம்பி அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். நானும் உருகித்தான் போனேன். டீச்சர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

“கூப்பிடுவார்னு நான் எப்படி மேடம் சொல்ல முடியும்? கூப்பிடலன்னா?”

“அக்கா, ‘கூப்பிட்டாலும் கூப்பிடலாம்’னு போட்டா எவனும் பட்டனைத் தொடமாட்டான்” என்றான் தம்பி.

இரண்டு பேருமே என்னைப் பார்த்தார்கள். இந்த மாதிரி நேரத்தில் நான் வழக்கமாகச் செய்வது ஒன்றுதான். எழுதியதை, அதை வாங்கவேண்டிய ஒருவர் படிக்கும்போது பக்கத்தில் நின்று அவர் முகத்தைப் பார்ப்பேன். அப்படி ஒருவரைக் கூப்பிடுங்கள் என்றேன். டீச்சர் லோகநாயகியைக் கூப்பிட்டார்.

லோகநாயகி சைதாப்பேட்டை மார்க்கெட்டில் கீரை விற்கிறவர். ஐம்பதைத் தாண்டியிருக்கும். அவர் கணவர் மீன்பாடி வண்டி, அந்த மூன்று சக்கரச் சரக்கு வண்டி, ஓட்டியவர். குரல் வண்டிக்கு முன்னால் போகும் என்று பெயர். ஒரு நாள் வண்டியிலேயே சாய்ந்துவிட்டார். வலது கையும் காலும் போயின, பேச்சு முழுக்கப் போயிற்று. அதே சமயத்தில் ஆற்றோரத்தில் இருந்த அவர்கள் குடியிருப்பை ஊருக்கு வெளியே அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றிவிட்டார்கள். கொஞ்ச நாள் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தவர்கள் அதோடு நின்றுவிட்டார்கள். அவர்களுக்கு வேறு வழியே கிடையாது. இந்தப் போன் பாடம் பலித்தால்தான் உண்டு. மாதிரிக்கு முதல் பாடத்தை டீச்சர் அவருக்கு அனுப்பியிருந்தார். அதிலும் அவர் கணவரால் ஒரு எழுத்துகூடச் சொல்ல முடியவில்லை. போனைத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார் என்று கேள்வி.

மதியம் கீரைக்கூடையை வாசலில் வைத்துவிட்டு லோகநாயகி மேலே வந்தார். தம்பி போனை நீட்டினான். எழுத்துக்கூட்டிச் சத்தமாகவே படித்தார். படித்து முடித்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

“யாரு பேர? எம்பேரயா?”

“ஆமாங்க, உங்க பேரைத்தான்” என்றான் தம்பி.

“இன்னாத்துக்கு நைனா ‘மறுபடியும்’னு போட்டுக்கீற? மொத தபா சொல்லிக்கீறாரா, மறுதபா சொல்றதுக்கு?” என்று சிரிக்க ஆரம்பித்தவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “கண்ணாலம் கட்டி இட்டாந்ததுலருந்து அந்தாளு வாயால எம்பேரு வந்ததே கெடையாது. மாமியார் கூப்பிடும், ரேஷன் கடைக்காரன் கூப்பிடுவான். இவுரு? ஊஹூம்.”

“பின்ன எப்படிம்மா கூப்பிடுவாரு?” என்று கேட்டார் டீச்சர்.

சிரிப்பு நின்றது. அந்த முகம் மாறியதை நான் பார்த்தேன். “‘இந்தாமே’ன்னுவாரு. அவ்ளோதான். வண்டி தெருமொனைல திரும்பிக்கினு இருக்கறப்பவே சவுண்டு வுடுவாரு, ‘இந்தாமே’ன்னு. நான் உள்ள டீத்தண்ணி வெச்சிருவேன்.”

டீச்சர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். “அவரைப் போய் நான் ஒவ்வொரு தடவையும் ‘லோகநாயகி’ சொல்லுங்க, ‘லோகநாயகி’ சொல்லுங்கன்னு உயிரை வாங்கிட்டிருந்தேனே!”

“நீ இன்னா பண்ணுவ டீச்சர்? நீ கேக்கக் கேக்க அந்தாளுக்கு வெக்கம் வேற. அடுத்த பொம்பள எதிர்ல பொண்டாட்டி பேர எப்பிடி சொல்றதுன்னு.”

தம்பியும் அவன் மனைவியும் ஒருவரையொருவர் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். டீச்சர் வீட்டிலும் அப்படியே. அவர்களுக்கு இது தோன்றாததில் ஆச்சரியமில்லை. என்னை எடுத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் என்னை ‘இங்க பாரு’ என்றுதான் ஆயுளுக்கும் கூப்பிட்டிருக்கிறார். நானும் அவர் பெயரை வங்கியில் கேட்டால் மட்டும் சொல்லுவேன். அப்படிப்பட்ட நானே அந்த வரியைப் படித்து உருகியிருக்கிறேன். விளம்பரங்களில் வருகிற கணவன் மனைவியைப் பார்த்துப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆளை மறந்துபோகிறோம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. டீச்சர் நேரில் போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். தம்பி காரை எடுத்தான், நானும் தொற்றிக்கொண்டேன். சின்ன வீடு, சுத்தமாக இருந்தது. ஜன்னல் ஓரம் பிளாஸ்டிக் நாற்காலியில் லோகநாயகியின் கணவர் உட்கார்ந்திருந்தார். வலது கையை எடுத்து மடியில் வைத்திருந்தார்கள். எங்களைப் பார்த்துத் தலையை அசைத்தார். பயிற்சியைப் பதிவு செய்து பிறகு ஆராய்வது டீச்சரின் வழக்கம். அது அவருக்கும் பழக்கம்தான் என்பதால் தம்பி ஓரமாக நின்று போனில் எடுக்க ஆரம்பித்தான்.

டீச்சர் லோகநாயகியை அடுப்படிக்குள் அழைத்துப்போய் ரகசியமாகச் சொன்னார். “டீ போடுங்க. வாசனை வெளிய வரட்டும். ஆனா அவர் கூப்பிடற வரைக்கும் கொண்டுவரக் கூடாது. நாற்காலியைத் தட்டினாலும் வரக் கூடாது.”

“எம்மாம் நேரம் டீச்சர்?”

“தெரியலைம்மா.”

டீ கொதிக்கும் வாசனை வந்தது. அவர் அடுப்படிக் கதவைப் பார்த்தார். இடது கையால் நாற்காலிக் கையைத் தட்டினார். மற்ற நாளாக இருந்தால் அந்தச் சத்தத்துக்கு லோகநாயகி ஓடி வந்திருப்பார். இன்றைக்கு வரவில்லை. இன்னும் பலமாகத் தட்டினார். எங்களைப் பார்த்தார். டீச்சர் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அடுப்படிக்குள் தெரியும், அவருக்குத் தெரியாது. லோகநாயகி டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு முந்தானையைப் பல்லால் கடித்தபடி நின்றார். டீயில் ஆடை படிந்துவிட்டது. கொடுத்துத் தொலைத்தால் என்ன என்று எனக்கே பொறுக்கவில்லை, எழுந்திருக்கப் போனேன். டீச்சரின் கை என் கைமேல் அழுந்தியது.

நாற்காலியில் இருந்தவர் முகம் சிவந்தது. கோபம்தான். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு திறந்தது. “இ...” என்று ஒரு காற்று. மூடிக்கொண்டது. மறுபடி “இ... ந்...” என்று இழுத்தது. பிறகு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு தெருவையே ஒதுங்கச் சொல்லிப் பழகிய அந்தக் குரல் அந்தச் சின்ன அறையில் முழுசாக வெடித்தது.

“இந்தாமே!”

“இன்னா?” என்றார் லோகநாயகி.

எப்போதும் போல, கொஞ்சம் சலிப்போடு, வேலையாக இருக்கிறேன் என்கிற தொனியில் சொன்னார். டம்ளரோடு வந்து அவர் எதிரில் நின்றார். “ஆறிப்போச்சுய்யா. இரு, வேற போட்டாறேன்” என்று திரும்பி உள்ளே போனவர் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. அடுப்படிக் குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

எத்தனையோ ஆயிரம் வார்த்தை எழுதிச் சம்பாதித்தவள் நான். ஒரு வார்த்தை என்றால் என்ன எடை என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். டீச்சர் எத்தனையோ தடவை பார்த்தவர். அவர் கண்ணும் நனைந்திருந்தது. லோகநாயகியின் கணவருக்கோ ஒரே குழப்பம். தான் என்ன செய்துவிட்டோம் என்று எங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார்.

அதற்கப்புறம் டீச்சர் எவ்வளவோ முயன்றார். வரவில்லை. ‘இ’ என்றுகூட வரவில்லை.

தம்பிக்குத் தரையில் கால் பாவவில்லை. “இதை அப்படியே மேல வெச்சுட்டா போதும் மேடம். நீங்க ஒரு வரிகூட எழுத வேணாம்.” நம் தொழில் அறிந்த யாரும் அதைத்தான் சொல்வார்கள். லோகநாயகியும் தடுக்கவில்லை. “போட்டுக்கோ நைனா. நாலு பேருக்கு ஒதவும்னா இன்னா இப்ப?”

“அவங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டியா?” என்றேன் தம்பியிடம்.

“அவர் எப்படி மேடம் பதில் சொல்லுவார்?”

“காட்டு. சொல்றாரா பாப்போம்.”

அவர் இடது தொடைமேல் போனை வைத்து ஓட விட்டான். அவர் குனிந்து பார்த்தார். கோணிப்போன வாய், ஒழுகும் எச்சில், டீக்காகத் தட்டுகிற கை. விழுந்தபிறகு அவர் தன்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவையோ என்னவோ. அந்த வார்த்தை வருவதற்கு முன்பே இடது கையால் போனைக் கவிழ்த்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார். உள்ளேயிருந்து அவருடைய குரல் ‘இந்தாமே’ என்றது. அவர் கையை எடுக்கவில்லை.

“வாணாங்கிறாரு” என்றார் லோகநாயகி.

தம்பி முகம் தொங்கிவிட்டது. ஆனால் அவனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: அவர் பார்க்கிற மாதிரி போனைப் பிடித்து, அங்கேயே அதை அழித்தான்.

திரும்பி வரும் வழியெல்லாம் நெரிசல். தம்பி திடீரென்று வெடித்தான். “உறுதி குடுக்கக் கூடாதுங்கறா அக்கா. இருந்த வீடியோவும் போச்சு. நாளைக்கு ஹால்ல என்னத்தை மேடம் காட்டறது? வெறும் பக்கத்தையா?”

அவன் கோபத்தில் நியாயம் இருந்தது. முதல் நாள் மாடியில் நடந்ததை நினைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். நாங்கள் எழுதிய அருமையான வரிக்கு லோகநாயகி சிரித்தார். ‘பின்ன எப்படிம்மா கூப்பிடுவாரு’ என்று டீச்சர் கேட்டபோது அவர் சிரிப்பு நின்றது. அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள். பதில் சொல்லும்போது அவர் எங்களை மறந்துபோய்த் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சைதாப்பேட்டை பாலம் வருவதற்குள் எனக்குப் பக்கம் கிடைத்துவிட்டது.

‘அவர் உங்களை எப்படிக் கூப்பிடுவார்?’ இதுதான் தலைப்பு வரி. அதற்குக் கீழே ஒரு காலிக் கட்டம், எழுதுவதற்கு. அதற்கும் கீழே: ‘நீங்கள் இங்கே எழுதுகிற வார்த்தையிலிருந்து உங்கள் வீட்டின் முதல் பாடம் தொடங்கும். பேச்சு திரும்பிவிடும் என்று எங்களால் சொல்ல முடியாது. சிலருக்குத் திரும்பியிருக்கிறது. சிலருக்கு ஒரே ஒரு வார்த்தை வந்து நின்றுவிட்டது. சிலருக்கு வரவில்லை. எப்படிக் கேட்பது, எப்படிக் காத்திருப்பது என்பதை மட்டும் நிச்சயமாகச் சொல்லித்தருவோம்.’ காரிலேயே இருவருக்கும் சொல்லிக் காட்டினேன்.

“ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியா முதல் பாடமா? யார் அக்கா பதிவு பண்றது?” என்றான் தம்பி.

“நான்தான்” என்றார் டீச்சர். “இதுக்குக் கீழ என் பேரைப் போடுங்க மேடம். இதுக்குப் போடலாம்.”

“சிலருக்கு வரலைன்னும் எழுதிட்டா யார் வாங்குவாங்கன்னு நெனைக்கறீங்க?” என்றான் அவன் என்னிடம். எனக்குத் தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது.

சனிக்கிழமை மயிலாப்பூர் ஹால் நிறைந்திருந்தது. சக்கர நாற்காலிகளுக்கு இடம் விட்டு வரிசையைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். இவ்வளவு பேர் கூடிய இடத்தில் இவ்வளவு குறைந்த பேச்சை நான் கேட்டதில்லை. மார்க்கெட்டிலிருந்து நேராக லோகநாயகியும் வந்துவிட்டார். மறுபடி சொன்னாரா என்று கேட்டேன். “இல்லமா. காலைல வாயத் தெறந்துக்கினு கொஞ்ச நேரம் இருந்தாரு. வர்ல. நானும் கூடவே இருந்தேன்” என்றார்.

டீச்சர் மேடையில் நாலே வார்த்தை பேசிவிட்டு, எல்லோரையும் போனில் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். மேடைக்குப் பக்கவாட்டில் ஒரு மேசையில் தம்பி லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கட்டத்தில் எழுதுகிற வார்த்தை மட்டும் அவன் திரையில் வந்து விழும்; எழுதியவர் யார் என்று அதில் தெரியாது, ஆனால் இங்கிருந்து அனுப்புவது அவர் போனுக்குப் போய்ச் சேரும். திரை காலியாக இருந்தது. ஹாலில் எல்லோரும் குனிந்திருந்தார்கள், யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை. தம்பிக்கு முகம் வெளிறிவிட்டது.

‘ஏ புள்ள’ என்று ஒன்று விழுந்தது.

அப்புறம் ‘ஏண்டி’. அதன் பின்னாலேயே ‘அடியே’. ‘ஏங்க’, இது ஒரு கணவர் எழுதியதாகத்தான் இருக்க வேண்டும். ‘கண்ணு’. ‘டேய் தடியா’, எந்த அப்பாவின் குரலோ. ‘அம்மாடி’. ‘கேட்டியா’. ‘பெரியவன் அம்மா’. ‘குட்டிம்மா’. ‘யோவ்’. நாங்கள் படித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்தது. அந்த ஹாலில் இருந்த ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் இத்தனை வருஷம் ஒலித்து நின்றுபோன குரல்கள் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன. வேறு யார் வாயிலிருந்தும் வந்தால் அர்த்தமே இல்லாத வார்த்தைகள். இப்படி ஒன்று நம் பக்கத்துக்குப் பதிலாக வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. தம்பி விசைப்பலகையைத் தொடவே பயந்தவன் மாதிரி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

வாங்கினார்களா என்று கேட்பீர்கள், உங்களை எனக்குத் தெரியாதா? வாங்கினார்கள். தம்பி கம்பெனி வேலைக்குத் திரும்பிப் போகவில்லை.

வரிசை ஓய்ந்துவிட்டது என்று நினைத்த நேரத்தில் கடைசியாக ஒன்று வந்தது. அது ஒற்றை வார்த்தை இல்லை. யாரோ யோசித்து யோசித்து எழுதியிருந்தார்கள். ‘எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டார். வாசலில் நின்று தொண்டையைச் செருமுவார். நான் போவேன். எனக்கு இது உதவுமா?’

தம்பி அக்காவைக் கைகாட்டிக் கூப்பிட்டான். டீச்சர் மேடையிலிருந்து இறங்கி வந்து குனிந்து படித்தார். டீச்சர் தலை நிமிர்ந்து ஹாலைப் பார்த்தார். குனிந்த தலைகளில் அது யார் என்று கண்டுபிடிக்க முடியாது. தம்பியின் போனை எடுத்துக்கொண்டு, மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறைக்குள் போனார். நானும் லோகநாயகியும் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சத்தம் போடாமல் நின்றோம்.

டீச்சர் போனை எதிரில் நிறுத்தி, பதிவு செய்கிற பொத்தானைத் தொட்டார். அந்த வீட்டுக்கான முதல் பாடத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. தொண்டையை ஒரு தரம் செருமினார். வாசலில் நிற்கிற ஆளைப் போலவே, அவசரமில்லாமல் காத்திருந்தார். பிறகு, “இப்ப நீங்க” என்றார்.